உத்திரமேரூரில் ஒரு தாஜ்மகால்

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் பேச்சுப் பகுதிக்குத் தயாராகும் பிள்ளைகளின் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். ‘நீங்கள் சென்று வந்த ஒரு வரலாற்றுச் சின்னத்தைப் பற்றிப் பேசுக’ என்ற தலைப்பின் கீழ் அநேகமாகத் தாஜ்மகால் இருக்கும். யமுனைக் கரை, வெண்பளிங்கு, ஷாஜகானின் காதல், நிலவொளியில் அதன் எழில், இறுதியில் வாழ்வில் ஒருமுறையேனும் எல்லோரும் காணவேண்டும் என்ற பரிந்துரை. ‘உங்களைக் கவர்ந்த மனிதர்’ என்றால் அப்துல் கலாம். ‘அண்மையில் படித்த புத்தகம்’ என்றால் அக்கினிச் சிறகுகள். ஒரே மனப்பாடத்தில் இரண்டு மாங்காய்.

தாஜ்மகால் மீதோ கலாம் மீதோ எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஆனால் உத்திரமேரூரைப் போன்ற ஓர் ஊரிலிருந்து போகிற பிள்ளை, தான் பார்க்காத கட்டடத்தைத் தன்னுடையதல்லாத ஆங்கிலத்தில் ஒப்பிப்பது அவளுக்குப் பெரும் நஷ்டம் என்று நினைக்கிறேன். ஊர்ப்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மதிப்பெண் கணக்கிலேயே அது நஷ்டம்.

தேர்வை அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். 1989இல் இன்றைய பெயரோடு தொடங்கிய இந்தத் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். பேசுதலில் மட்டும் எதிரே ஒரு மனிதர் இருப்பார். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் நாலைந்து நிமிடம் ஊர், வீடு, வேலை, பொழுதுபோக்கு என்று எளிய கேள்விகள். பிறகு ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். அதில் ஒரு தலைப்பும் அதை ஒட்டிச் சில குறிப்புகளும் இருக்கும். ஒரு நிமிடம் யோசித்து, பென்சிலால் குறிப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். மூன்றாம் கட்டத்தில் அதே தலைப்பை விரித்து, சமூகம், அரசு, காலமாற்றம் என்று மீண்டும் நாலைந்து நிமிட உரையாடல். எல்லாம் ஒலிப்பதிவு செய்யப்படும்.

மதிப்பிடும் அளவுகோல்கள் நான்கு: சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் பிழையின்மையும், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. பேசப்பட்ட பொருளின் மகிமைக்கென்று ஐந்தாவதாக ஓர் அளவுகோல் கிடையாது. உலக அதிசயத்தைப் பற்றிப் பேசினாலும் வீட்டுத் திண்ணையைப் பற்றிப் பேசினாலும் தேர்வருக்கு ஒன்றுதான். அப்படியிருக்க ஏன் ஆக்ராவரை போக வேண்டும்?

மனப்பாடத்திற்கும் இந்தத் தேர்வுக்கும் ஆகாது. தேர்வை நடத்துகிறவர்கள் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்திலேயே, மனனம் செய்ததாகத் தோன்றும் வாக்கியங்களை நம்பியிருப்பது மூன்றாம் நிலைக்குரிய குறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மொத்தம் ஒன்பது நிலைகள். செவிலியராகப் பிரிட்டனுக்குப் போக விரும்புகிறவருக்குப் பேச்சில் ஏழு தேவை. தேர்வர் நாள் முழுவதும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர். முதல் கட்டத்தில் தட்டுத்தடுமாறி ஊர்ப்பெயர் சொன்ன குரல், இரண்டாம் கட்டத்தில் திடீரென்று மூச்சுவிடாமல் அலங்கார நடையில் ஓடி, மூன்றாம் கட்டத்தில் மறுபடி தட்டுத்தடுமாறினால் அவருக்குப் புரியாதா?

இன்னொன்றும் உண்டு. பேசும்போது நாம் நிற்பதில் இரண்டு வகை இருக்கின்றன. அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்து நிற்பது ஒன்று. சொல்லவேண்டியதற்கு ஆங்கிலச் சொல் கிடைக்காமல் நிற்பது மற்றொன்று. மேல்நிலைகளில் முதல் வகைத் தயக்கத்தை அவர்கள் குற்றமாகக் கொள்வதில்லை. எந்த மொழிக்காரரும் தம் தாய்மொழியில் அப்படித்தான் நிற்கிறார். மனப்பாடம் மறந்துபோய் நிற்பது இந்த இரண்டு வகையிலும் சேராதது. அடுத்த வரி வரும்வரை கண்கள் மோட்டுவளையைப் பார்க்கும்.

எங்கள் தெருவில் ஒரு பெண், செவிலியர் பட்டம் முடித்து வேலையும் பார்க்கிறாள். தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். பயிற்சி நிலையத்திற்குக் கொடுத்தது தனி. முடிவு செல்லுபடியாவதோ இரண்டே ஆண்டு. பேசிப் பார்க்க ஆள் வேண்டுமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தாஜ்மகாலை முழுதாகச் சொல்லி முடித்தாள். “ஆக்ராவுக்கு எப்போது போனாய்?” என்று கேட்டேன். “திருப்பதிக்கு அந்தாண்ட போனதில்ல சார்” என்றாள். சரி, ஆங்கிலத்தை விடு, கல்வெட்டுக் கோயிலைப் பற்றித் தமிழில் இரண்டு நிமிடம் சொல் என்றேன். நான்கு நிமிடம் சொன்னாள்.

அவள் சொன்னதை நான் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். ஊருக்குள்ளேயே இருக்கிறது வைகுந்தப் பெருமாள் கோயில். அதன் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. பொது ஆண்டு 919, 921 என்று கணிக்கப்பட்டவை. அன்றைய உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்தின் சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க வகுத்துக்கொண்ட விதிகள் அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். ஏதும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அவன் எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை உரக்க வாசிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை மறுபடி வாசிக்க வேண்டும். தேர்வானவருக்குத் தகுதிகள் உண்டு: வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதக் கல்வி. முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் கூடாது. அவருடைய உறவினரும் கூடாது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம், தோட்டங்களுக்குப் பன்னிரண்டு பேர், பொன்னை உரைத்துப் பார்க்க ஆறு பேர்.

விரல் விரிக்கும் இடம் வந்தபோது அவள் தன் கையை நீட்டி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். தாஜ்மகாலுக்கு அவள் கை அசையவே இல்லை. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசியபோது எங்கள் ஊரில் பட்டாசு வெடிக்காத குறைதான். அதே ஊர்ப் பெண் தேர்வறையில் ஆக்ராவுக்குப் போய்விடுகிறாள்.

மூன்றாம் கட்டக் கேள்வி ஒன்றையும் தமிழிலேயே கேட்டேன்: பழைய கட்டடங்களைப் பாதுகாக்க அரசு பணம் செலவழிக்கத்தான் வேண்டுமா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “காப்பாத்தணும் சார். ஆனா எல்லாரும் சொல்ற மாதிரி ஜனநாயகம்னு சும்மா சொல்லிட்டுப் போகக்கூடாது. அந்தக் குடத்துல எங்காளுங்க பேரு விழுந்திருக்காது. பொம்பளைங்க பேரும் விழுந்திருக்காது. அதையும் சேர்த்து எழுதி வைக்கணும்” என்றாள்.

உண்மைதான். அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்குள் நடந்த தேர்தல். நம் மேடைகளில் இதைக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டு மார்தட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை மெல்லிய குரலில் கடந்துவிடுவார்கள். அவள் கடக்கவில்லை. ஒரு கருத்து, அதற்கு ஒரு மறுப்பு, இரண்டையும் இணைக்கும் ஒரு யோசனை: மூன்றாம் கட்டம் எதிர்பார்க்கும் பேச்சு இதுவே. குறிப்பேட்டில் அந்தக் கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். ‘பாரம்பரியம் நம் முதுகெலும்பு’ என்ற பொருள்படும் ஒரு வாக்கியமும் சுற்றுலா வருமானமும் இருந்தன.

பயிற்சி நிலையத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “தாஜ்மகாலுக்கு இங்கிலீஷ் ரெடியாக இருக்கிறது. குடவோலைக்கும் மத்தியஸ்தனுக்கும் இங்கிலீஷில் என்ன சொல்வாள்?” என்றார். நியாயமான கேள்வி. முப்பது நாளில் முப்பது பேரைத் தேற்ற வேண்டியவருடைய நெருக்கடியும் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் தேர்வின் சொல்வள அளவுகோலிலேயே இருக்கிறது: தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் சுற்றி விளக்கும் திறனுக்கு அங்கே மதிப்பெண் உண்டு. குடம், பனையோலை, பெயர், சிறுவன், கை, உரக்கப் படித்தல் ஆகிய ஆறு சொற்களும் நம் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தெரியும். குடவோலை என்று தமிழிலேயே ஒருமுறை சொல்லி, உடனே அது என்னவென்று இந்த ஆறு சொற்களால் விளக்கினால் போதும். ஆக்ராவுக்கோ ஆடம்பரமான பெயரடைகள் வேண்டியிருக்கின்றன. அவை வாயில் ஒட்டுவதில்லை.

நம்மிடம் ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்தால் ஆங்கிலத்தைக் குற்றம் சொல்வதில் பயனில்லை என்று தோன்றுகிறது. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். நாம் அந்த அதிகாரங்களுக்கு ஒப்பித்தல் போட்டி வைத்தோம். பத்துக் குறளை நிறுத்தாமல் சொன்னவனுக்கு எவர்சில்வர் டப்பா. அந்தப் பத்தில் எது உனக்கு ஒப்பவில்லை என்று எந்த நடுவராவது கேட்டுப் பார்த்திருக்கிறோமா? பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் இருந்துவிட்டு, இரண்டு நிமிடம் தொடர்ந்து தன் சொந்த விஷயத்தைத் தமிழில்கூடப் பேசியிராத பிள்ளைகள் ஏராளம். அவர்கள் முதன்முதலாக ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்ற கேள்வியை எதிர்கொள்வது ஓர் அந்நியரிடம், அந்நிய மொழியில்.

இந்த மாவட்டத்தில் ஆங்கிலப் பேச்சு என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்த அண்ணா. அவரைப் பற்றிச் சொல்லும்போது தவறாமல் வருவது அந்தப் ‘பிகாஸ்’ கதை: வாக்கியத்தின் முடிவில் வரமுடியாத இணைப்புச் சொல்லை மூன்று முறை அடுக்கி ஒரு வாக்கியம் செய்து காட்டினாராம். எங்கே, யாரிடம் என்பது கதை சொல்பவருக்கு ஏற்ப மாறும். நடந்ததோ இல்லையோ, இந்தக் கதை இத்தனை பிரபலமாக இருப்பது எனக்குச் சற்று வருத்தம் தருகிறது. ஆங்கிலத்தை ஒரு வித்தையாகவே பார்க்கும் நம் மனப்பான்மைக்கு அது தீனி போடுகிறது. 1962இல் மாநிலங்களவையில் அண்ணா ஆற்றிய முதல் உரை கவனிக்கப்பட்டதற்குக் காரணம் அந்த அவை கேட்க விரும்பாத ஒரு கோரிக்கையை, திராவிட நாட்டின் சுயநிர்ணய உரிமையை, அவர் அங்கே நின்று வாதிட்டது. 1968இல் யேல் பல்கலைக்கழகத்திற்குச் சப் நல்கையாளராக அழைக்கப்பட்டதும் சொல்வதற்கு விஷயம் உள்ளவர் என்பதால்தான். அந்தக் கோரிக்கையோடு ஒருவர் உடன்படலாம், படாமலிருக்கலாம். ‘பிகாஸ்’ அடுக்கியதற்காக அவரை யாரும் அழைக்கவில்லை.

உச்சரிப்புக்கு வருகிறேன். பயிற்சி என்ற பெயரில் சில இடங்களில் லண்டன் வாடையையும் அமெரிக்க வாடையையும் பூசிவிடுகிறார்கள். தேவையே இல்லை. தமிழர் தமிழராகவே ஒலிக்கலாம். கேட்பவருக்குச் சிரமமின்றிப் புரிய வேண்டும், அவ்வளவே. ஆனால் புரிவதற்குச் சில இடங்களில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் மேற்கைக் குறிக்கும் சொல்லையும் கையில்லா உள்சட்டையைக் குறிக்கும் சொல்லையும் நாம் ‘வெஸ்ட்’ என்று ஒன்றாகவே எழுதி ஒன்றாகவே சொல்கிறோம். முதலாவதற்கு இதழ்களைக் குவிக்க வேண்டும். இரண்டாவதற்கு மேற்பல்லைக் கீழுதட்டில் வைக்க வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வகரம் பல்லும் இதழும் பொருந்தப் பிறப்பதாக அது சொல்கிறது. அதே நிலையில் பல்லையும் இதழையும் வைத்து, குரலை நிறுத்தி, வெறும் மூச்சை மட்டும் விட்டால் ‘ஃபேன்’ என்பதன் முதல் ஒலி கிடைத்துவிடும். ‘பேன்’ என்று சொல்லித் தலையைச் சொறிய வைக்க வேண்டியதில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை பேசுகிற நாம் பிறப்பியலைத் தமிழாசிரியரின் வினாத்தாளுக்கு மட்டும் விட்டுவிட்டோம். ஆங்கில ஆசிரியரும் அதை ஒருமுறை படிக்கலாம்.

(ஈழத்து நண்பர்கள் ‘மார்க்கற்’, ‘ரிக்கற்’ என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஆங்கிலத்தின் அந்த ஒலி நம் டகரத்தைப் போல நாவை உள்மடித்துப் பிறப்பதில்லை. பல்லுக்குச் சற்று மேலே, றகர ஒற்றின் இடத்தில் பிறக்கிறது. அந்தப் பழைய றகரத்தை யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் இன்னும் வைத்திருக்கிறார்கள். காது அவர்கள் பக்கம் இருக்கிறது.)

இதைவிட முக்கியம் அழுத்தம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை ஓங்கும். படம் எடுப்பவரைக் குறிக்கும் சொல்லாக அது மாறும்போது இரண்டாம் அசை ஓங்கும். தமிழில் அசைகளுக்கு ஏறத்தாழச் சம மரியாதை கொடுத்துப் பழகிய நாம் ஆங்கிலத்திலும் அப்படியே கொடுக்கிறோம். புதுச் சொல்லைக் கற்கும்போதே எந்த அசை ஓங்குகிறது என்று கோடிட்டு வைத்துக்கொள்வது பெரிய பயன் தரும்.

செவிலியர்களுக்கு ஓ.இ.டி. என்று வேறொரு தேர்வும் இருக்கிறது. பிரிட்டனின் செவிலியர் மன்றம் 2017 முதல் அதையும் ஏற்கிறது. அதன் பேச்சுப் பகுதியில் இரண்டு நடிப்புச் சூழல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம். தேர்வு எழுதுபவர் செவிலியராகவே இருப்பார், எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். மொழியோடு சேர்த்து நோயாளியின் கவலையைக் கேட்டறிவதற்கும், புரியும்படி எடுத்துச் சொல்வதற்கும் மதிப்பெண் உண்டு. சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வேப்பிலைச் சாறு குடிக்கும் கிழவியிடம் கோபப்படாமல் பேசி மாத்திரைக்குத் திரும்ப வைத்த பெண்கள் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறார்கள். அந்தப் பேச்சின் கட்டுமானம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பயிற்சிக்குப் போனதும் முதலில் அதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, ‘உங்கள் உணர்வை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்’ என்ற வாக்கியத்தை உருப்போடுகிறார்கள். எந்தக் கிழவி அதை நம்புவாள்?

நான் சொல்லும் வழி எளியது. தலைப்பைக் கையில் வாங்கியதும் முதலில் தமிழில், அதுவும் வீட்டுத் தமிழில், இரண்டு நிமிடம் பேசிவிட வேண்டும். பேச்சு எங்கே சூடுபிடிக்கிறது என்று அப்போது தெரியும். பிறகு அதையே கைவசமுள்ள எளிய ஆங்கிலத்தில் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து கேட்க வேண்டும். மறுநாள் அதே விஷயத்தை வேறு சொற்களில். எழுதிவைக்கக் கூடாது, எழுதினால் மனம் உடனே ஒப்பிக்கத் தொடங்கிவிடும். ஊரில் ஆங்கிலம் பேச ஆளில்லை என்ற குறை உண்மையானது. ஆனால் கேள்வி கேட்க ஆங்கிலம் தெரிந்தவர்தான் வேண்டும் என்பதில்லை. ‘ஏன்?’, ‘அப்புறம்?’ என்று தமிழில் கேட்கத் தெரிந்த ஒரு தம்பியோ பாட்டியோ போதும். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். சுற்றுவட்டக் கிராமப் பிள்ளைகள் அதில் எழுந்து ஒரு கேள்வி கேட்டுப் பழகுவதும் இந்தத் தேர்வுக்கான தயாரிப்பு என்றே சொல்வேன். அவை அச்சம் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

இப்போது ஞாயிறு மாலைகளில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து இப்படிப் பேசிப் பார்க்கிறார்கள். போன வாரத் தலைப்பு ‘நீர் நிறைந்த ஓர் இடம்’. குறிப்பேட்டில் மெரினா இருந்தது; அவர்கள் வயிரமேகத் தடாகத்தை எடுத்துக்கொண்டார்கள், பல்லவர் காலத்திலிருந்து இருக்கும் எங்கள் ஏரிக்குக் கல்வெட்டில் உள்ள பெயர் அது. ஏரியை ‘லேக்’ என்பதா ‘டேங்க்’ என்பதா என்று பெரிய சர்ச்சை. லேக் என்றால் தானாக உண்டானது என்று ஆகிவிடும் என்றது ஒரு கட்சி. டேங்க் என்றால் வெளிநாட்டார் மொட்டைமாடியில் இருக்கும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியை நினைப்பார்கள் என்றது மற்றொன்று. நெல்லுக்குத் தண்ணீர் தேக்க மனிதர்கள் கரை போட்டு உண்டாக்கிய லேக் என்று சொல்லிவிடலாம் என ஒருவன் சமாதானம் பேசினான். அந்தச் சமாதானமே பதினைந்து நொடி ஆங்கிலம். நான் இன்னும் டேங்க் கட்சியில்தான் இருக்கிறேன். ஆங்கிலேய அதிகாரிகள் இங்கே வந்து நம் ஏரிகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் பதிவேடுகளில் எழுதிவைத்த சொல் அது.